பெரிய உப்புநீர்த் தொட்டி: பவளமா, பவளம் கடிக்கும் மீனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எல்லையின் இரண்டு பக்கமும் வீடுகளில் ஆறடி, எட்டடி உப்புநீர்த் தொட்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. வளைகுடாவில் மால்களில் பார்த்த தொட்டியை ஊரில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். பெரிய தொட்டி என்று நான் சொல்வது 600 லிட்டருக்கு மேற்பட்டது.

எட்டடி நீளம், ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர். இவ்வளவு இடத்தில் பவளமும் எம்பரர் ஏஞ்சலும் கிளாத்தியும் (டிரிக்கர் மீன்) ஒன்றாக இருக்காதா?

இருக்காது. தொட்டி பெரிதானால் மீன்களுக்குள் சண்டை குறையும், தண்ணீர் சட்டென்று கெடாது. ஆனால் மீனின் தீனி மாறாது. எம்பரர் ஏஞ்சல் கடலில் கடற்பஞ்சையும் பாறையில் ஒட்டி வளரும் மெத்தென்ற உயிர்களையும் கொத்தித் தின்று வாழும் மீன். தோட்டம் பத்து ஏக்கர் என்பதற்காக வாழைக்குள் ஆட்டை அவிழ்த்துவிட முடியுமா?

கடலில் இவை ஒன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்பீர்கள். அங்கே ஒரு ஏஞ்சல் இங்கே ஒரு கொத்து, ஐம்பது அடி தள்ளி இன்னொரு கொத்து என்று போய்க்கொண்டே இருக்கும். கடிபட்ட பவளத்துக்கு ஆற நேரம் கிடைக்கும். உங்கள் தொட்டியில் இருப்பது இருபது துண்டுப் பவளம். அதே பவளம், அதே இடத்தில், தினமும் கடிபடும். முதலில் பவளத்தின் சதை விரியாமல் சுருங்கியே கிடக்கும், பிறகு ஓரம் கிழியும், அப்புறம் வெள்ளை எலும்பு தெரியும்.

அதனால் இந்த முடிவைக் கடையில் மீனைப் பார்த்த பிறகு எடுக்காதீர்கள். விளக்கு, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), தண்ணீரோட்டம் எல்லாமே இந்த ஒரு முடிவைப் பொறுத்துத்தான் வாங்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் பகுதியின் வெயிலையும் மின்வெட்டையும் பவளம் பற்றிய இந்தியச் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், முதல் தடவை பெரிய தொட்டி வைப்பவருக்கு மீனும் உயிர்ப்பாறையும் (கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா குடியேறிய பாறை) மட்டும் உள்ள தொட்டிதான் நல்லது. பவளத்தின் மேல்தான் மனசு என்றால் தாராளமாகப் போகலாம், ஆனால் அதற்குரிய செலவையும் கட்டுப்பாட்டையும் முழுதாக ஏற்றுக்கொண்டு போகவேண்டும்.

எந்த மீன் பவளத்தை என்ன செய்யும்?

பெரிய ஏஞ்சல் மீன்களான எம்பரர், கொரான், நீலவளைய ஏஞ்சல் ஆகியவை சதைப்பிடிப்பான பவளங்களைத்தான் முதலில் குறிவைக்கும். கொத்தும் விதத்தைக் கவனித்தால் புரியும். பவளத்துக்கு முன்னால் வந்து அசையாமல் நிற்கும், ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும், பிறகு ஒரு கடி கடித்துவிட்டு விலகிப் போகும். பசியில் கடிப்பதாக நினைத்துத் தீனியைக் கூட்டுவார்கள். கொஞ்சம் குறையும், நிற்காது.

வண்ணத்துப்பூச்சி மீன்களில் இரண்டு வகை உண்டு. பவள மொட்டைத் தவிர வேறெதையும் தின்னாதவை ஒரு வகை: மேயர்ஸ், ஆர்னேட், செவ்ரான், மெலான் என்று விற்கப்படுபவை. இவற்றை எந்தத் தொட்டிக்கும் வாங்கவே கூடாது. பவளத் தொட்டியில் பவளத்தை அழிக்கும், மீன் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். ரக்கூன், திரெட்ஃபின் போன்றவை இறால், கணவாய், சிப்பி எல்லாம் தின்னப் பழகும், மீன் தொட்டிக்கு ஏற்றவை. காப்பர்பேண்ட் மட்டும் தனி ரகம். ஐப்டேசியா என்ற களைத் தாமரையைத் தின்கிறது என்பதற்காகவே பவளத் தொட்டிக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். தீனி எடுக்கப் பழகாமல் இறந்துபோகும் காப்பர்பேண்ட்கள் ஏராளம் என்பதால், கடையில் உங்கள் கண் முன்னால் தின்றால் மட்டும் வாங்குங்கள்.

கிளாத்தி பவளத்தைத் தின்பதைவிட அதைத் தூக்கி எறிவதுதான் அதிகம். பாறையை நகர்த்தும், மணலைத் தோண்டும், ஒட்டிவைத்த பவளத்துண்டை வாயால் பிடுங்கி மூலையில் போடும். நத்தை, நண்டு, இறால், கடல்முள்ளி எதுவும் மிஞ்சாது. ஹீட்டர் வயரைக் கடித்த கதையும் உண்டு. பேத்தை மீனும் (பஃபர்) அப்படித்தான், ஓடுள்ள எதையும் உடைத்துத் தின்னும்.

சிங்கமீன், அஞ்சாளை (மோரே ஈல்), களவா (குரூப்பர்) மூன்றும் பவளத்தைத் தொடாது. பவளத் தொட்டியில் நாம் வைக்கும் சின்ன மீனையும் இறாலையும் விழுங்கிவிடும், அவ்வளவுதான் சிக்கல். இவை போடும் கழிவும் அதிகம்.

கோரல் பியூட்டி, ஃப்ளேம் போன்ற குள்ள இன ஏஞ்சல்கள் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒன்று நல்ல பிள்ளையாக இருக்கும், அதே இனத்தில் அடுத்தது பவளத்தைக் கிழிக்கும். முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. விலை உயர்ந்த பவளம் வைத்திருப்பவர் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

கொளச்சலிலும் விழிஞ்ஞத்திலும் கூடை கூடையாக இறங்குகிறதே கறுத்த கிளாத்தி. கடையில் 'நைஜர் டிரிக்கர்' என்று விற்பது அதேதானா?

அதேதான். சிவந்த பல், கத்தரிக்கோல் வால், நீலம் கலந்த கறுப்பு. கிளாத்தி இனத்தில் சாதுவான மீன்களில் இதுவும் ஒன்று. கடலில் கூட்டமாக நின்று நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைத் தின்னும் மீன் என்பதால் பவளத்தை அவ்வளவாகச் சீண்டாது. ஆனால் இறாலும் நத்தையும் தப்பாது, உடம்பும் 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். இரவில் பாறை இடுக்கில் தலையை நுழைத்து, முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டு, வாலை மட்டும் வெளியே விட்டுத் தூங்கும். அந்த முள் பூட்டிவிட்டால் இழுத்து எடுக்க முடியாது. எனவே அதற்கு ஏற்ற அளவில் இரண்டு மூன்று பொந்துகளைப் பாறை அடுக்கும்போதே விட்டுவிடுங்கள்.

படகில் வந்த கிளாத்தியை உயிரோடு வாங்கித் தொட்டியில் விடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். வலையிலும் ஆழத்திலிருந்து ஏறிய வேகத்திலும் உள்ளுறுப்பு காயப்பட்டிருக்கும். ஒன்றிரண்டு நாள் நீந்தும், பிறகு போய்விடும்.

பவளத் தொட்டியில் கிளாத்தி இருந்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது நீலத்தொண்டைக் கிளாத்தி. அதுவும் மிதக்கும் நுண்ணுயிர் தின்பது, நைஜரைவிடச் சின்னது. கடைசி மீனாகச் சேருங்கள். க்ளௌன் டிரிக்கரைப் பவளத்தோடு சேர்த்து நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். அது சக மீனையே கடித்துக் குதறும்.

எம்பரர் ஏஞ்சலின் குட்டி ஒன்று வாங்கினேன். பவளத்தைத் தொடவே இல்லை. பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கருநீலத்தில் வெள்ளை வளையம் போட்ட அந்தக் குட்டியும், மஞ்சள் கோடு போட்ட பெரிய எம்பரரும் ஒரே மீன்தான். நிறம் மாறும் காலத்தில் உடம்பு பெருக்கும், பசி பெருக்கும், வாயின் பலமும் கூடும். வளர்ந்தால் 40 சென்டிமீட்டர். பல மாதம் சும்மா இருந்த ஏஞ்சல் ஒரு வாரத்தில் எல்லா பிரெய்ன் பவளத்தையும் காலி செய்வது இந்த வயதில்தான்.

இரண்டு வகைத் தொட்டிக்கும் தண்ணீர் அளவுகள் எப்படி மாறும்?

மீன் தொட்டிக்கு உப்புநீரின் அடர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்டது) 1.020 முதல் 1.025 வரை இருக்கலாம், ஆடாமல் இருந்தால் போதும். நைட்ரேட் 40 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம், கீழே வரும் கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட் அளவுகளும் இதிலேயே) வரை போனாலும் பெரிய மீன்கள் தாங்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மட்டும் எப்போதும் பூஜ்யம்.

பவளத்துக்கு அந்தத் தளர்வு கிடையாது. அடர்த்தி 1.025 அல்லது 1.026. கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350, காரத்தன்மை 7 முதல் 11 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு). நைட்ரேட் 10க்குக் கீழே, பாஸ்பேட் 0.1க்குக் கீழே. அளவு எது என்பதைவிட அது நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதுதான் பவளத்துக்கு முக்கியம். காரத்தன்மை இன்று 7, நாளை 10 என்று குதித்தால் பவளத்தின் நுனி வெந்துபோகும்.

இங்கேதான் பெரிய மீனும் பவளமும் இரண்டாவது முறையாக மோதுகின்றன. ஒரு பேத்தையும் இரண்டு ஏஞ்சலும் ஒரு சிங்கமீனும் தின்னும் தீனியில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அடக்கி வைப்பது பெரும்பாடு. கடிக்காவிட்டாலும் அவற்றின் கழிவே கல் பவளத்தை (கெட்டியான சுண்ணாம்பு எலும்பு கட்டும் வகை) பழுப்பாக்கிவிடும்.

கால்சியம் கொடுக்கத் தெளிந்த சுண்ணாம்பு நீர் மலிவான, பழைய, நம்பகமான வழி. ஆனால் வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பு வேண்டாம், ஆய்வகத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். இரவில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், மொத்தமாக ஊற்றினால் பிஹெச் எகிறிவிடும்.

நம் ஊர் வெயிலுக்குச் சில்லர் கட்டாயமா?

பவளத்துக்குக் கட்டாயம். பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் வாழ்கிறது. பழகிய கோடை வெப்பத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். கடலில் நடப்பது அதுதான், தொட்டியிலும் அதுதான். மார்ச், ஏப்ரலில் நம் வீட்டுக்குள்ளேயே 32 டிகிரி. அதன் மேல் விளக்கின் சூடு, பம்பின் சூடு. தொட்டி 24 முதல் 27க்குள் நிற்க வேண்டும்.

தண்ணீரின் மேல் ஃபேன் வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது கோயம்புத்தூர்ப் பக்கம் ஓரளவு வேலை செய்யும். நம் காற்றில் ஈரம் அதிகம், ஆவியாவது குறைவு, ஃபேன் ஏமாற்றிவிடும்.

மீன் தொட்டி 28, 29 வரை தாங்கும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் மேற்பரப்பு நன்றாகக் கலங்க வேண்டும்.

மின்வெட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவமழையில் ரப்பர் மரம் கம்பியில் விழுந்தால் எத்தனை மணி நேரம் கரண்ட் வராது என்று உங்களுக்கே தெரியும். சில்லரின் கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தை வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் தாங்காது. நல்ல வேளையாக மழை நாளில் சூடு பெரிய பிரச்சினை இல்லை, காற்றுதான் பிரச்சினை. இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சின்ன பம்ப்) மட்டும் இணைத்து வையுங்கள், கூடவே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று. பெரிய மீன் நிறைந்த தொட்டியில் ஓட்டம் நின்றுபோனால் சில மணி நேரத்தில் மூச்சுத் திணற ஆரம்பிக்கும்.

இந்தியாவில் பவளம் வைத்திருப்பது சட்டப்படி சரியா?

இதை நிதானமாகப் படியுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் உண்டு. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே அட்டவணை. கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வருபவைதான். நம் கடலில் இருந்து எடுத்த கல் பவளம் உயிரோடு இருந்தாலும் காய்ந்த எலும்பாக இருந்தாலும் வைத்திருப்பதே குற்றம். முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

வெளிநாட்டில் வளர்த்து வந்தவை என்று விற்கிறார்களே என்றால், கல் பவளங்கள் எல்லாமே சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. இறக்குமதிக்குக் காகிதம் வேண்டும். சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. விற்பவர் காகிதம் காட்டவில்லை என்றால் கல் பவளத்தை வாங்காதீர்கள். காட்டினாலும் வனத்துறை அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தண்டனைக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. காலங்காலமாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்ததற்கு அதில் பங்கு உண்டு. அந்தக் கடலில் இருந்து பெயர்த்த ஒரு துண்டு, எத்தனை அழகாக இருந்தாலும், என் கையால் எந்தத் தொட்டியிலும் வைக்க மாட்டேன்.

காளான் பவளம், ஜோவாந்தஸ், தோல் பவளம், செனியா போன்ற மென்பவளங்கள் கல் பவளப் பிரிவில் வராது. வீட்டுத் தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டுகள் பொழுதுபோக்காளர்களிடையே கைமாறுகின்றன. பவளம்தான் வேண்டும் என்பவருக்கு நான் காட்டும் வழி அதுதான்.

உயிர்ப்பாறைக்கு என்ன செய்வது?

கடலில் இருந்து எடுத்த உயிர்ப்பாறை பெரும்பாலும் பழைய பவள எலும்புதான், அதே சட்டச் சிக்கல் அதற்கும் உண்டு. செயற்கைப் பாறை வாங்கி, பாக்டீரியாப் புட்டி ஊற்றி, அம்மோனியா கொடுத்துப் பழக்குங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும், பாறை சில மாதத்தில் உயிர்ப்பாறையாகிவிடும்.

நோய் வந்தால் மருந்து போடுவதில் என்ன வேறுபாடு?

பவளமா மீனா என்று முடிவெடுக்க இந்த ஒரு கேள்வியே போதும் என்பது என் எண்ணம்.

உப்புநீர் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலில் சில நாள் தின்றுவிட்டு உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, உள்ளேயே பெருகி மறுபடி நீந்தி வந்து மீனைப் பிடிக்கும். புள்ளி மறைந்தால் குணமாகிவிட்டது என்று நினைப்போம், உண்மையில் அது அடுத்த சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். இதற்கு நிச்சயமான மருந்து செம்பு. செம்போ பவளம், இறால், நத்தை, கடல்தாமரை எல்லாவற்றையும் கொல்லும். பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும் என்பதால், செம்பு போட்ட தொட்டியில் பின்னாளில் பவளம் வைப்பதும் ஆபத்து.

ஆகவே பவளத் தொட்டியில் நோய் நுழைந்தால் ஒவ்வொரு மீனையும் பிடித்து வேறு தொட்டியில் வைத்து மருந்து கொடுக்க வேண்டும். பெரிய தொட்டியை மீனே இல்லாமல் வெறுமையாக விட வேண்டும். ஆறு வாரத்துக்குக் குறைந்தால் பயனில்லை, 76 நாள் என்பது அனுபவசாலிகள் பலரும் வைக்கும் கணக்கு. எட்டடித் தொட்டியில் பாறையைக் கலைக்காமல் பத்துப் பதினைந்து மீனைப் பிடிப்பது என்னவென்று பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தியப் பெருங்கடலின் பவுடர் ப்ளூ டாங் (பாசி தின்னும் மீன்) நம் கடைகளுக்கு அடிக்கடி வருகிறது. அழகில் அதற்கு நிகர் குறைவு, வெள்ளைப்புள்ளி பிடிப்பதிலும் அப்படித்தான். அதை நேராகப் பெரிய தொட்டியில் விட்டு எல்லா மீனையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தத் தொட்டியாக இருந்தாலும் தனிமைத் தொட்டி ஒன்று வேண்டும். 150 லிட்டர், வெறும் கண்ணாடித் தரை, பிவிசி குழாய்த் துண்டுகள், ஏற்கெனவே பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர். புதிய மீன் நான்கு வாரம் அங்கே இருந்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். செம்பைப் புட்டியில் சொன்ன அளவுக்குச் சோதனைக் கிட் வைத்துப் பார்த்துப் போடுங்கள். அஞ்சாளைக்கும் பேத்தைக்கும் சிங்கமீனுக்கும் செம்பு ஒத்துக்கொள்வது கடினம், அவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

முட்டத்திலோ கோவளத்திலோ கடல் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றலாமா?

மீன் தொட்டிக்கு, சரியான காலத்தில், ஆம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆறுகள் கலங்கலைக் கொண்டுவந்து தள்ளும், அப்போது எடுக்க வேண்டாம். தேங்காப்பட்டணம் போன்ற கழிமுகங்களுக்குப் பக்கத்தில் எப்போதுமே வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் குமரி முனையைச் சுற்றி மேற்குக் கரைக்கு வருகிறது. தெளிவாகத் தெரிந்தாலும் உப்பு குறைவாக இருக்கும், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துச் சரிசெய்யுங்கள். துணியிலும் கார்பனிலும் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் வைத்திருந்து பிறகு பயன்படுத்துங்கள்.

பவளத்துக்கு ஆர்ஓ தண்ணீரில் கலந்த செயற்கை உப்புதான். உப்பு கலப்பதற்கு முன் அந்தத் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்ட வேண்டும். எந்தத் தொட்டியானாலும், ஆவியான தண்ணீருக்குப் பதிலாக உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை.

மாடியில் வைக்கலாமா?

எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் என்றால் தண்ணீர் மட்டும் 1,130 லிட்டர். கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட் சேர்த்தால் ஒன்றரை டன்னை நெருங்கும். வீட்டுத் தளங்களை வடிவமைக்க இந்தியத் தரக்கட்டுப்பாட்டு விதி எடுத்துக்கொள்ளும் பாரம் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. உங்கள் தொட்டி அதைப் போல மூன்று நான்கு மடங்கு. தரைத்தளத்தில் வையுங்கள், மாடிதான் என்றால் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள்.

பவளங்களை மட்டும் வைத்தால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா?

எல்லாம் ஒத்துப்போகாது. பகலில் பூப்போல நிற்கும் பவளங்களில் சில இரவில் நீளமான கொடுக்குக் கொடிகளை விட்டுப் பக்கத்துப் பவளத்தைச் சுடும். கேலக்ஸியா இதில் மோசமானது, ஓரடி தூரம்கூட எட்டும். தோல் பவளங்கள் தொடாமலே நீரில் நச்சை விட்டுக் கல் பவளத்தை வளரவிடாமல் செய்யும், கார்பன் போட்டு வைத்தால் குறையும். மென்பவளத் தொட்டி என்றால் மென்பவளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜோவாந்தஸ் ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீரில் தேய்க்காதீர்கள். அவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம், அந்த ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் வெளிநாடுகளில் உண்டு. துண்டு வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

கோமாளி மீன் வைத்தால் கடல்தாமரை வைத்தே ஆகவேண்டுமா?

வேண்டாம். தாமரை இல்லாமலே கோமாளி மீன் நன்றாக வாழும், முட்டையும் இடும். தாமரை தனக்குப் பிடித்த இடம் தேடி நகரும், போகும் வழியில் பவளத்தைச் சுடும், சில சமயம் பம்பில் சிக்கித் தொட்டியையே கெடுக்கும். கோமாளி மீனை வளர்ப்பகத்தில் பிறந்ததாகப் பார்த்து வாங்குங்கள். விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன மையங்கள் கோமாளி மீன் இனப்பெருக்கத்தை நம் நாட்டிலேயே சாதித்துக் காட்டியிருக்கின்றன. வளர்ப்பகக் குட்டி துகள் தீனி தின்னப் பழகியே வரும், நோயும் குறைவு.

பவளத்தைத் தேர்ந்தால் எந்த மீன்களை வைக்கலாம்?

கோமாளி, பச்சைக் குரோமிஸ், பாங்காய் கார்டினல், கோபி, பிளென்னி, ஃபேரி ராஸ், ஆந்தியாஸ். பாசி தின்ன ஒன்றிரண்டு டாங். பெரிய தொட்டியில் இருபது ஆந்தியாஸ் கூட்டமாக மேலே நின்றால் எந்த ஏஞ்சலும் நினைவுக்கு வராது. ஆனால் ஆந்தியாஸுக்கு ஒரு நாளில் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி வேண்டும், வேலைக்குப் போகிறவர் ஆட்டோ ஃபீடர் வைக்க வேண்டும். மேண்டரின் மீனைத் தொட்டிக்கு ஒரு வருடம் ஆகும் வரை வாங்காதீர்கள். அது பாறையில் ஊரும் நுண்பூச்சிகளையே நாள் முழுக்கத் தேடித் தின்னும்.

வண்ணத்துப்பூச்சி மீன் வகையான ஹெனியோக்கஸைக் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூட்டமாக வாழ்ந்து மிதவையுயிர் தின்னும் இனமும், பவளத்தைக் கொத்தக்கூடிய தனி இனமும் பார்க்க ஒரே மாதிரி. கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

மீனைத் தேர்ந்தால்?

ஆயிரம் லிட்டரில் பெரிய மீன் ஐந்தாறு போதும். என் விருப்பம்: ஒரு எம்பரர் அல்லது கொரான் ஏஞ்சல், ஒரு நைஜர் கிளாத்தி, ஒரு ரக்கூன், ஒரு டாங், ஒரு பேத்தை. சாதுவான மீனை முதலில் விடுங்கள், சண்டைக்காரனைக் கடைசியில். ஒரே சாயலுள்ள இரண்டு ஏஞ்சல் வேண்டாம். சிங்கமீன் வைத்தால் கிளாத்தியும் பேத்தையும் அதன் துடுப்பைக் கடிக்கும், ஒன்றைத்தான் வைக்க முடியும். சிங்கமீன் முள் குத்திவிட்டால் குத்துப்பட்ட கையை, தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தீனியில் நாம் கொடுத்து வைத்தவர்கள். இனயம், கடியப்பட்டணம் பக்கத்துச் சிப்பி, கணவாய், இறால் எல்லாம் வீட்டு வாசலில் கிடைக்கிறது. நன்றாகக் கழுவி, சில நாள் ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுங்கள். பேத்தையின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய வழி இல்லையென்றால் வாயை மூட முடியாமல் பட்டினி கிடக்கும். வாரம் ஒரு தடவை மூடிய சிப்பியை ஓட்டோடு போடுங்கள். அது சுற்றி வந்து, ஓட்டின் விளிம்பை உதட்டால் தடவிப் பார்த்து, சட்டென்று உடைக்கும் சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்கும். ஏஞ்சலுக்குக் கடற்பஞ்சு கலந்த உறைதீனியும் கடல்பாசித் தாளும் கொடுக்க வேண்டும், வெறும் இறால் போதாது.

நடுவழியே கிடையாதா?

இரண்டு தொட்டி. பெரியதில் மீன், பக்கத்தில் 150 அல்லது 200 லிட்டரில் மென்பவளமும் இரண்டு கோமாளி மீனும். சின்னத் தொட்டிக்குச் சின்னச் சில்லர், சின்ன விளக்கு, செலவும் கட்டுக்குள் நிற்கும். இரண்டையும் ஒரே சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) இணைக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். இணைக்காதீர்கள், பெரிய மீனின் நோயும் கழிவும் பவளத்துக்கு வந்து சேரும்.

மீன் தொட்டிக்குள்ளேயே தோல் பவளம் வைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. அதன் சதை கசப்பு என்பதால் சில ஏஞ்சல்கள் தொடாது. இழந்தாலும் பரவாயில்லை என்ற துண்டை மட்டும் வையுங்கள்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டேன், ஏஞ்சலும் கிளாத்தியும் பவளத்தைக் காலி செய்கின்றன. எப்படிப் பிடிப்பது?

வலையை எடுத்துக்கொண்டு துரத்தாதீர்கள். மீன் பாறைக்குள் போய்விடும், நீங்கள் பவளத்தை உடைப்பீர்கள். கதவு வைத்த அக்ரிலிக் கூண்டை உள்ளே இறக்கி, கதவைத் திறந்தே வைத்து, ஒரு வாரம் கூண்டுக்குள் மட்டும் சிப்பி கொடுங்கள். மீன் பயமில்லாமல் போய்வரப் பழகிய பிறகு, முந்தைய நாள் பட்டினி போட்டு, உள்ளே நுழைந்ததும் கயிற்றை விடுங்கள். ஏஞ்சல் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

கிளாத்தி கூண்டை நம்பாது. விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச் அடித்து எந்தப் பாறைப் பொந்தில் தூங்குகிறது என்று பாருங்கள். அந்தப் பாறையை மீனோடு சேர்த்து மெதுவாகத் தூக்கித் தொட்டித் தண்ணீர் நிரப்பிய டப்பில் வைத்துவிடுங்கள். அங்கே முள்ளைத் தளர்த்திக்கொண்டு தானாக வெளியே வரும், பாறையைத் திரும்பத் தொட்டியில் வைத்துவிடலாம். விரலை மட்டும் பொந்துக்குள் விடாதீர்கள்.